சக்கரத்தை ஒரு சாண் இறக்குங்க

திருவண்ணாமலை டவுனிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் ரோட்டை ரயில் பாதை வெட்டும் இடத்தில் ஒரு கேட் இருந்தது. எழுபத்துமூன்றாம் வருஷம் ஆடி மாதம் அந்த கேட்டுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தபோது, போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். அவள் பெயர் உண்ணாமலை. வயது இருபத்தெட்டு. கணவன் அருணகிரி தண்டவாளம் பார்க்கும் கேங்கில் வேலை செய்தவன். மஞ்சள் காமாலை கண்டு பத்தே நாளில் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக ரயில்வே அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தது. கேட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறைக் குவார்ட்டர்ஸ். எட்டு வயது மகள் சரோஜாவோடு அதில் குடியேறினாள்.

அந்த கேட்டில் போன் கிடையாது. சுவரில் ஒரு கடிகாரம், அதன் கீழே வண்டிகளின் நேரம் எழுதிய அட்டை, மூலையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, கைவிளக்கு. வண்டி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டை இறக்க வேண்டும். வண்டி போனதும் ஏற்ற வேண்டும். ஒரு டப்பாவில் பட்டாசும் இருந்தது. ரயில்வேக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தண்டவாளத்தின் மேல் பட்டி போட்டு மாட்டும் வட்டத் தகர வில்லை அது. எஞ்சின் ஏறினால் வெடிக்கும். ஏதோ ஆபத்து என்று டிரைவர் தெரிந்துகொள்வார். பயிற்சியில் முதல் தடவை அதை வெடித்துக் காட்டியபோது உண்ணாமலை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட இருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

அவளுக்கு வேலையில் இருந்த ஒரே தொல்லை அந்தச் சக்கரம். உயரமான ஆளுக்காக வைத்தது. கைப்பிடி மேலே போகும்போது அவள் தலைக்கும் மேலே போகும். ஒரு கருங்கல்லைப் போட்டு அதன் மேல் நின்று சுற்றுவாள். மழை நாளில் கல் வழுக்கும். சாயங்காலம் ஆனால் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும். சரோஜா விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம். காலை ஒன்பதேகால். விழுப்புரத்திலிருந்து வரும் பாசஞ்சருக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. கேட் திறந்திருந்தது. பதினாறு மூட்டை வேர்க்கடலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று டவுன் மார்க்கெட் கமிட்டிக்கு விற்கப் போக வந்தது. ஓட்டி வந்தவர் சீவக நயினார், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜைன விவசாயி. வாரம் ஒருமுறை அந்த வழியாகப் போகிறவர். வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது படாரென்று ஒரு சத்தம். அச்சு முறிந்து, ஒரு சக்கரம் கழன்று, வண்டி பாதையின் நடுவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

உண்ணாமலை ஓடிவந்தாள். "நயினார், மொதல்ல மாட்ட அவுத்து அப்பால ஓட்டுங்க!"

அவர் கயிற்றை அறுத்து மாடுகளை இறக்கிவிட்டார். அதற்குள் ரோட்டில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு யோசனை.

"தோள் குடுத்தா நகந்துடும்மா."

"மூட்டைய எறக்கினா பத்து நிமிஷத்துல ஆயிடும். அந்த வண்டி என்னிக்கு டைமுக்கு வந்துது?"

அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. ஐந்து வருஷத்தில் அந்த பாசஞ்சர் நேரத்துக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உண்ணாமலை ஒரு கணம் நின்றாள். பிறகு, "நீங்க எறக்கிக்கினு இருங்க. நான் வண்டிய நிறுத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கொடியையும் பட்டாசு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, விழுப்புரம் பக்கம் ஓடினாள்.

ஜல்லியில் ஓடுவது லேசில்லை. கேட்டிலிருந்து நானூறு மீட்டரில் நட்டிருந்த கல்லுக்குப் பக்கத்தில், தண்டவாளத்தில் ஒரு பட்டாசை மாட்டினாள். இன்னும் அதே தூரம் ஓடி மூன்று மாட்ட வேண்டும். நெஞ்சு அடைத்தது. வாயில் எச்சில் இல்லை. மூன்றாவதை மாட்டி நிமிர்ந்தபோது, வளைவில் புகை தெரிந்தது. பாசஞ்சர் அன்றைக்கு டைமுக்கு வந்துவிட்டது.

அவள் பாதை ஓரம் ஒதுங்கிக் கொடியை வீசினாள். வெடிச் சத்தம் மூன்று கேட்டது. இந்தத் தடவை அவள் காதைப் பொத்தவில்லை. பொத்தக் கை இல்லை. எஞ்சின் கிறீச்சிட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் போய், முதலில் மாட்டிய பட்டாசையும் வெடித்துவிட்டு, கேட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் நின்றது.

டிரைவர் ராஜமாணிக்கம் கீழே இறங்கி, சாய்ந்த வண்டியைப் பார்த்தார். பிறகு மூச்சிரைக்க வந்து சேர்ந்த உண்ணாமலையைப் பார்த்தார். "இன்னாம்மா, இவ்ளோ தூரம் நீயா ஓடுன?" என்றவர், எஞ்சினிலிருந்து தன் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்.

அதன்பிறகு நடந்ததைத்தான் ஊரில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். பாசஞ்சரில் வந்தவர்கள் இறங்கி வந்தார்கள். கோயிலுக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், பெண் பார்க்கப் பட்டுச்சேலையோடு வந்த ஒரு குடும்பம், எல்லாரும் வரிசையாக நின்று மிச்சமிருந்த மூட்டைகளைக் கைமாற்றி இறக்கினார்கள். வண்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். இரண்டு மூட்டை பிரிந்து கொட்டிவிட்டது. சீவக நயினார் அதை அள்ளி, உதவி செய்த ஒவ்வொருவர் மடியிலும் போட்டார். "ஒரு உசுருக்கும் ஒண்ணும் ஆவல. சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். முக்கால் மணி லேட்டாக ஸ்டேஷனுக்குள் வந்த வண்டியில் பெட்டிக்குப் பெட்டி கடலைத் தோல்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய அதிகாரி தண்டவாளத்தில் தள்ளிவரும் டிராலியில் வந்தார். கூடவே ஸ்டேஷன் மாஸ்டர் வேணு. சான்றிதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதிகாரி, "உனக்கு ஏதாவது வேணுமாம்மா? தயங்காம கேளு" என்றார்.

வேணு பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். டவுனுக்குள் நல்ல குவார்ட்டர்ஸ் கேள் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

உண்ணாமலை யோசித்தாள். "இந்தச் சக்கரம் ஒசரம் ஜாஸ்திங்க ஐயா. ஒரு சாண் எறக்கிக் குடுத்தீங்கன்னா போதும்."

அதிகாரி சக்கரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே ஃபிட்டர் வந்து இறக்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அவள் தரையில் நின்றபடி, ஒரே மூச்சில் கேட்டை ஏற்றினாள். வண்டி எதுவும் இல்லாதபோது, இன்னொரு தடவையும் சும்மா இறக்கி ஏற்றிப் பார்த்தாள். அவள் லீவு போட்ட நாட்களில் கேட் பார்க்க வரும் தருமன் ஆறடி ஆள். "குனிஞ்சு குனிஞ்சு சுத்தி, உன்னால என் இடுப்பு போச்சும்மா" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவான்.

எண்பத்துமூன்றில் கேட்டுக்குப் போன் வந்தது. இரண்டு வருஷம் கழித்து சரோஜா டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலூர் பக்கம் வேலைக்குப் போனாள். எண்பத்தாறில் வேணு ஒருநாள் சைக்கிளில் வந்தார்.

"உண்ணாமலை, ஸ்டேஷன்லயே உனக்கு வேலை போடலாம்னு இருக்காங்க. வெயிட்டிங் ரூம் பாத்துக்கணும். மழை இல்ல, வெயில் இல்ல. இன்னா சொல்ற?"

ரோட்டில் அப்போது இரண்டு பஸ், ஒரு லாரி, பத்துப் பதினைந்து சைக்கிள்கள், மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தன. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். உண்ணாமலை திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள். ஹாரன் நின்றது.

"வேணாம் சார்" என்றாள். "இங்க நான் நில்லுன்னா இம்மாம் பெரிய பஸ்ஸே நிக்குது. அங்க வந்தா என் பேச்ச யாரு கேப்பாங்க?"

வேணு சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார். தூரத்தில் வண்டி ஊதியது. அவள் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.