ரெஜினா பார்த்த திரை

ரெஜினா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான். ஒரு மனிதர் செத்ததற்குக் காரணமும் நானே!

இதை நான் பெற்றவளிடம் சொல்லவில்லை, கட்டியவளிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது சுலபம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். சுலபமாக இல்லை...

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு தனியார் கண்டெய்னர் யார்டு. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளின் விவரமெல்லாம் தலைமை அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அலமாரி போலக் கறுப்பாக நிற்கும். திரையில் பச்சை எழுத்து மட்டுமே வரும். ‘பெரிய மெஷின்’ என்போம். அதற்கும் மேசைகளில் இருந்த சாதாரணப் பிசிகளுக்கும் பேச்சே கிடையாது. யார்டுக்கு எது வேண்டுமானாலும் தாளில் அச்சடித்து ஆள் மூலம் அனுப்புவோம்.

அந்த இரண்டையும் பேச வைத்தவன் நான்! பெரிய மெஷினுக்குள் ஒரு ஷேர் போல்டரைத் திறந்தேன். காலையில் மெஷின் தன் பட்டியலை அதில் போட்டுவிடும். பிசியில் உட்கார்ந்தவருக்கு அது இன்னொரு டிரைவ் போலத் தெரியும். இதற்கே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு இருக்க வேண்டும். சில தடவை தப்பாகப் போட்டால் மெஷின் கதவையே சாத்திவிடும். ஒருவழியாக வேலை செய்தபோது முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அலுவலகத்துக்கும் யார்டுக்கும் நடுவே வயர்லெஸ் இணைப்பு. உப்புக் காற்றில் ஆன்டெனா துருப்பிடித்து அடிக்கடி படுத்துவிடும். உடனே போன் வரும். “அண்ணே, டிரைவைக் காணும்!” “அண்ணே, திரும்பவும் போச்சு!” சோற்றில் கை வைக்க விடமாட்டார்கள். ஒருநாள் மேலாளர் எல்லார் முன்னாலும், “ஏலே, இதுக்கா இம்புட்டு ஆட்டம் போட்ட?” என்று கேட்டுவிட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யார்டுப் பிசியில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். இணைப்பு இருந்தால் மெஷினில் உள்ள பட்டியலைத் திறக்கும். இல்லாவிட்டால் பிசியில் சேமித்து வைத்திருக்கும் முந்தைய பிரதியைத் திறக்கும். அவ்வளவுதான்! போன் நின்றது.

‘இது பழைய பட்டியல்’ என்று திரையில் ஒரு வரி வந்திருக்க வேண்டும். பட்டியலில் தேதியும் கிடையாது. அந்த ஒரு வரி எழுத எனக்குத் தெரியாதா? எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். அதைக் கண்டால் மறுபடி போன் வருமே... கேவலம், அதற்காக!

ரெஜினா யார்டு வாசலில் அந்தப் பிசியில் உட்கார்ந்திருந்த பெண். பூச்சி சாவதற்காகச் சில பெட்டிகளுக்குள் மருந்துப் புகை போட்டு அனுப்புவார்கள். அந்தப் புகை மனிதனையும் விடாது. அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்ததும் உள்ளே போகக்கூடாது. நன்றாகக் காற்றாட விட வேண்டும். எவை மருந்துப் பெட்டிகள் என்று காலையில் திரையைப் பார்த்துக் கதவு திறக்கும் ஆட்களுக்குச் சொல்வது அவள் பொறுப்பு.

அன்று காலை இணைப்பு இல்லை. அது யாருக்கும் தெரியவில்லை. என் புண்ணியம்!

கதவு திறக்க வந்தவர் சூசை. கடல் தொழிலை விட்டுவிட்டு யார்டு வேலைக்கு வந்தவர். ரெஜினா திரையைப் பார்த்துவிட்டு, “மருந்துப் பெட்டி ஒண்ணும் இல்லண்ணே, தெறக்கலாம்” என்று சொல்லியிருக்கிறாள். பெட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் வழியிலேயே கிழிந்து போயிருந்தது. முந்திரிக்கொட்டை மூட்டைகளை இழுக்க உள்ளே புகுந்தவர் வெளியே வந்து வாந்தியெடுத்தார், சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அவர் விழுந்துவிட்டார் என்று கேட்டு நான் யார்டுக்கு ஓடியபோது எல்லாரும் ஆம்புலன்சைச் சுற்றி நின்றார்கள். நான் அங்கே போகவில்லை. நேரே பிசியிடம் போனேன். திரையில் முந்தைய நாள் பட்டியல்! அதில் மருந்துப் பெட்டி ஒன்றுகூட இல்லை. அதற்குள் இணைப்பு வந்துவிட்டிருந்தது. மூடித் திறந்தேன். புதிய பட்டியலில் அந்தப் பெட்டியின் எண், மருந்துப் பெட்டி என்று தெளிவாக இருந்தது. என் ஏற்பாட்டை அழித்தேன். பழைய பிரதியையும் அழித்தேன். ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை... அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு மேலாளர் வந்து பார்த்தார். “ஏம்மா, இங்கன இருக்குல்லா! கண்ண எங்கன வச்சிருந்த?”

“இல்ல சார்... மாதா சத்தியமா இல்ல. நான் நல்லாப் பாத்தேன்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க சொல்லுங்க. காலைல ஒண்ணும் இப்போ ஒண்ணுமா மாத்திக் காட்டுமா?”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“காட்டாதும்மா” என்றேன்.

அவளுக்கு வேலை போயிற்று. போனை நோண்டிக்கொண்டு இருந்திருப்பாள் என்று ஊர் பேசியது. கோயிலில் அவள் பக்கத்தில் உட்காரக்கூடப் பெண்கள் யோசித்தார்களாம். நான் எதற்குப் பயந்தேன்? ஜெயிலுக்கா? வேலைக்கா? இல்லை, கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுத்தார்களே, அந்தப் பெயருக்கா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை! எதுவாக இருந்தாலும் ஒரு பெண்ணின் மானத்தை விட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. தூ!

சமீபத்தில் அவளைப் பார்த்தேன். ஒரு பேக்கரியில் மக்ரூன் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாம் என்று திரும்பினேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டாள்.

“நல்லா இருக்கீங்களா அண்ணே? அக்கா சொகமா?”

தலையாட்டினேன். அவள் தராசைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“பாத்தேன் பாத்தேன்னு அப்போ சாதிச்சேன்லா... யோசிக்க யோசிக்க எனக்கே இப்போ நிச்சயமில்லண்ணே. பாக்காமத்தான் சொல்லியிருப்பேன். போன வாரம் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். சூசை அண்ணன் வீட்டுக்கும் போயி, நாந்தான் கொன்னுட்டேன்னு அவுங்க பொஞ்சாதி கால்ல விழுந்தேன். ‘போட்டும், ஏளா, எந்திரி’ன்னு தூக்கி விட்டாங்க. இப்பத்தான் மனசு கொஞ்சம் லேசா இருக்கு.”

கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம்! தன் கண்ணையே நம்பாமல் போய்விட்ட அந்தப் பெண்ணிடம், ‘நீ பார்த்தது நிஜம்’ என்று மூன்றே சொற்கள்...

“நல்ல காரியம் பண்ணினம்மா” என்றேன்.

அவள் கண் கலங்கிச் சிரித்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.