செம்புத் தகட்டில் வைத்த கை

அன்பானவர்களே, ஆனி மாதத்துக் காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணைத் திறக்க விடாது. அப்படி ஒரு பிற்பகலில்தான் என் கணவருடைய கண்களைத் தீ மூடியது.

அவர் பெயர் தானியேல். எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேலை முடிகிற நேரத்தில் தரையில் சிந்திய வெடிமருந்தையும் கழிவையும் அள்ளி, ஒதுக்குப்புறமான குழியில் போட்டு எரிப்பார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் செய்கிற வேலை அது. அன்றைக்குக் காற்று திரும்பியது. குழியிலிருந்து ஒரு வெளிச்சம் எழுந்து வந்து அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. பெரிய சத்தம்கூட இல்லையாம். "யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்துச்சி டீச்சர்" என்றாள் பேச்சியம்மாள். அவரோடு வேலை பார்க்கிறவள். ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவள் அவள்தான்.

நான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் வாயும் மூக்கு நுனியும் மட்டும் வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் வெள்ளைத் துணி. டாக்டர் ஓர் இளம்பெண். தோல் ஆறிவிடும் என்றார். கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை, கட்டு மாற்றும்போது பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பார்வை வருமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் தமிழ் ஆசிரியை. ஓரிடத்தில் உட்காராத மனசு எனக்கு. சிவகாசியில் அச்சாகிற காலண்டர்களுக்கு நாளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுப்பேன். பனிக்கும் பறவைக்கும் பரலோகத்துக்கும் நடுவே ஏதோ ஒன்றை எப்போதும் தேடிக்கொண்டிருப்பேன். சபையில் யாருக்காவது ஊக்கமாக ஜெபிக்க வேண்டுமென்றால் போதகரம்மா என்னைத்தான் எழுப்புவார். வார்த்தைகள் எனக்குக் குறைந்ததில்லை.

ஆகவே அவர் கட்டிலருகே நின்று ஜெபித்தேன். ஒளியின் பிதாவே என்று தொடங்கினேன். முதல் நாளில் இருளைப் பிரித்த கரங்களைப் பாடினேன். விடியலின் கதவுகள், விளக்கின் திரி, கண்ணின் கருமணி. பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டாளி மனிதர், காலில் கட்டுப் போட்டிருந்தவர், தலையணையில் சாய்ந்தபடி கைகூப்பினார். சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். நான் ஆமென் சொன்னதும் என் கணவரும் ஆமென் சொன்னார். பிறகு, மேடையை விட்டு இறங்கியவளிடம் சொல்வது போல, "நல்லா இருந்துச்சி" என்றார்.

அந்த நாட்களை நினைத்தால் தண்ணீருக்கடியில் நடந்தது போலத்தான் இருக்கிறது. பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. இரவுக்கு அவருடைய அண்ணன் வந்துவிடுவார், நான் சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுவேன். விருதுநகர் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல் காடு, கருவேல மரங்கள், வெயில் சாய்ந்து எல்லாம் செம்பு நிறம். சிவகாசியில் மாறி ஏறுகிற டவுன் பஸ்ஸில் வேலை முடிந்த பெண்கள் இருப்பார்கள். மருந்து ஒட்டிய அவர்கள் கைகள் வெள்ளிபோல் மின்னும். கம்பியைப் பிடித்திருக்கிற அத்தனை வெள்ளிக் கைகளும் எனக்கு மீன்களாகத் தெரியும். பஸ் ஓர் ஆறாகும். மீன்கள் மேலே நீந்த, நான் அடியில் கிடப்பேன். ஆண்டவரே எங்கே இருக்கிறீர் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அது நன்றாக இருக்கிறதே, எழுதி வைக்கலாமே என்று இன்னொரு குரல் சொல்லும். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். என் ஜெபங்கள் அந்தக் கூரை வரைக்கும்தான் போயின.

ஒரு காலையில் அவர் கேட்டார்.

"ஏ, எங் கண்ணாடிய எடுத்துட்டு வந்தியா?"

பொடி எழுத்துப் பார்க்க அவர் போடுகிற கண்ணாடி. திரி வைக்கும் அறையில் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத்தான் அன்றைக்குக் குழிப்பக்கம் போயிருக்கிறார்.

"இப்ப எதுக்குங்க கண்ணாடி?"

"கட்டப் பிரிச்சா வேணுமில்ல. கண்ணாடி இல்லாம ஒன்னைய எப்படிப் பாக்க?"

"இத்தன வருசம் பாத்தது போதாதாக்கும்."

"சரியாப் பாத்தாத்தான?" என்று சிரித்தார். சிரித்தால் தோல் இழுக்கும், வலிக்கும். அதற்காகப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். கண் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மனுசன் கண்ணாடி கேட்கிறார். எத்தனையோ வருஷம் வசனம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த விசுவாசம் இல்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். வேலை மறுபடி தொடங்கியிருந்தது. சீசன் ஆர்டர் நிற்காது. நான் போன நேரம் சாப்பாட்டு வேளை. பெண்கள் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்தாள்.

"வாங்க டீச்சர். சாப்பிட்டீகளா? அண்ணன் எப்படி இருக்காக?"

கண்ணாடிக்கு வந்திருக்கிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. அண்ணன் கண்ணாடி கேட்டாரென்றால் கண் வந்துவிடும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு என்னை அறைக்குக் கூட்டிப் போனாள். போகிற வழியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டீச்சர், கோவிச்சிக்கிடாதீக. நீங்க வேதக்காரவுக. நான் இருக்கன்குடி ஆத்தாளுக்குக் கண்மலர் நேந்திருக்கேன், அண்ணனுக்காக. வெள்ளியில ரெண்டு கண்ணு வாங்கிச் சாத்துறேன், அவுக கண்ணக் குடுத்துருன்னு சொல்லிட்டேன்."

நான் கோபப்படவில்லை. சரி என்றேன். அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நீங்க ஒங்க சாமிகிட்ட என்னன்னு கேட்டீக?"

சாதாரணமாகத்தான் கேட்டாள், கடைக்குப் போனாயே என்ன வாங்கினாய் என்பது போல. இத்தனை நாள் ஜெபித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒளி இருந்தது. விடியல் இருந்தது. உமது சித்தம் என்று இருந்தது. என் புருஷன் கண்ணைத் தாரும் என்று எங்கேயுமே இல்லை. டாக்டரிடம் கேட்காதது போலவே ஆண்டவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எங்கே போவேன் என்ற பயத்தில், அழகழகான வார்த்தைகளை அடுக்கி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அறை வந்துவிட்டது. வாசலில் ஒரு வரிசைச் செருப்புகள். நானும் கழற்றினேன். படியில் கால் வைக்கப் போனேன்.

"நில்லுங்க டீச்சர். தகட்டத் தொட்டுட்டு வாங்க."

நிலைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குள் போயிற்று. நடக்கிறபோது, துணி உரசுகிறபோது, நம் உடம்பில் நமக்கே தெரியாமல் மின்சாரம் சேரும். மருந்து பற்றிக்கொள்ள அதிலிருந்து ஒரு பொறி போதும். அதனால் யாராக இருந்தாலும், முதலாளியே வந்தாலும், அதைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் கணவர் தினமும் எத்தனையோ தடவை செய்கிற காரியம். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

தகட்டில் கையை வைத்தேன். எல்லாருடைய கையும் பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வெயில் நாளிலும் குளிர்ந்திருந்தது.

"ஒண்ணும் தெரியலியே பேச்சி."

"தெரியாது டீச்சர். அது பாட்டுக்கு எறங்கிரும்."

கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெறுங்காலில் மண். உள்ளங்கையில் செம்பு. காற்று என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தது. பேச்சியம்மாள் ஒதுங்கி நின்றாள். எனக்குள் எத்தனை வருஷமாகவோ சேர்ந்து கிடந்த சத்தங்களெல்லாம், பாராட்டுகளும் பயங்களும் வர்ணனைகளும், ஒவ்வொன்றாக அந்தக் கம்பி வழியே இறங்கி மண்ணுக்குள் போவது போல இருந்தது. வயலில் மடை திறந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் வடிவது போல. கடைசியில் ஒன்றும் இல்லை. உள்ளே வெறும் இடம். அந்த வெறும் இடத்தில் யாரோ நிற்கிறார் என்று தெரிந்தது. புதிதாக வந்தவரல்ல. ரொம்ப நாளாக அங்கேயே நின்றவர்.

"ஆண்டவரே, அவர் கண்ணு வேணும்" என்றேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக் குரல் இல்லை, சபைக் குரலும் இல்லை. பசித்த பிள்ளை கேட்கிற குரல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தேவைப்படவும் இல்லை. உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், இந்தத் தடவை நிற்காமல், தரையில் முழங்கால் போட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன். ஆண்டவரே, இவர் கண்ணு வேணும்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாங்க."

ஆமென் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கட்டின் கீழ்விளிம்பு நனைந்துகொண்டிருந்தது. நர்ஸ் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் ஏசினார். புண் இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு யாராவது அழுவார்களா, ஜெபம் பண்ணுகிறவர்கள் வெளியே பண்ணுங்கள் என்றார். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். கட்டைத் தொட்டுப் பார்த்தார். "கண்ணீர் வருதா? ரெண்டு பக்கமும் வருதா?" என்று கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "நல்லதுதாம்மா. கண்ணீர் சுரந்தாத்தான் கண்ணு ஆறும்" என்றார்.

டாக்டர் போன பிறகுதான் என் கணவர் ஆமென் சொன்னார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு முற்பகலில் கட்டைப் பிரித்தார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறையை மங்கலாக்கினார்கள். பஞ்சை எடுத்ததும் அவர் இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மருந்துநீர் விட்டுத் துடைத்தார்கள். மெதுவாகத் திறந்தார். வெந்து உரிந்த முகத்துக்கு நடுவே அந்தக் கண்கள், இப்போதுதான் பிறந்தவை போல, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தன. நான் அவருடைய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றார். டாக்டர் அதை மூடச் சொன்னார். வலது கண் அறையைச் சுற்றி வந்து என் முகத்தில் நின்றது. வெகு நேரம் நின்றது.

"ஏ புள்ள, நீ ஏன் இப்படி எளச்சிப் போன?" என்றார்.

அன்பானவர்களே, எங்களுக்கு நடந்தது இதுதான். கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டேன். ஒரு கண் வந்தது. இன்னொன்று இன்றுவரை வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவர் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. குழிப்பக்கம் இப்போது அவர் போவதில்லை. அதே கம்பெனியில் பெட்டி கட்டுகிற பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஸ்தோத்திரக் கூட்டம் எங்கள் வீட்டில் வைத்தோம். பேச்சியம்மாளும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள். நேர்ந்தபடியே இருக்கன்குடிக்குப் போய் வந்துவிட்டாளாம். டீ கொடுக்கும்போது என் கணவரிடம், "ரெண்டு பேரும் ரெண்டு சாமிகிட்டக் கேட்டோம், ஒரு கண்ணுதேன் வந்திருக்கு. பாக்கியத் தர வேண்டியது யாருண்ணே?" என்றாள். அவர் தோல் இழுக்க இழுக்கச் சிரித்தார். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்குத் தெரியும். என் கணவருக்குப் பார்வை கொடுத்தவர் என் ஆண்டவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் கேட்கப் பயந்திருந்த நாட்களில் என் கணவருக்காகக் கேட்டவள் பேச்சியம்மாள். அவளையும் ஈரச் சாக்கோடு ஓடவைத்தது யாருடைய கிருபை என்று நினைக்கிறீர்கள்?

இப்போதும் என்னை ஜெபிக்க எழுப்புகிறார்கள். நான் தொடங்கினேன் என்று அவர்கள் கண் மூடுவதற்குள் முடிந்துவிடுகிறது. "டீச்சருக்கு ஜெபம் வத்திப்போச்சி" என்று ஓர் அக்கா சொன்னாராம். வற்றட்டும். இத்தனை காலம் நான் அலைந்து தேடினவரை, கேட்டு முடித்த பிறகு வருகிற அந்த அமைதியில் இப்போது தினமும் காண்கிறேன். இடது கண்ணையும் தினமும் கேட்கிறேன். இல்லை என்று ஆண்டவர் சொன்னாலும் அவரிடத்தில்தான் இருப்பேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிலும் ஒருவர் இருப்பீர்கள். எல்லாவற்றுக்காகவும் ஜெபித்துவிட்டு, உள்ளே இருக்கிற அந்த ஒன்றை மட்டும் வாய் திறந்து சொல்லாமல் எழுந்து போகிறவர். தமிழ் நன்றாக வர வேண்டியதில்லை. வசனம் நினைவில் இருக்க வேண்டியதில்லை. தரையில் உட்காருங்கள். அதன் பெயரைச் சொல்லி, வேணும் என்று கேளுங்கள். குரல் உடைந்தால் உடையட்டும், ஆண்டவர் நம் குரலை அப்படித்தான் அடையாளம் கண்டுகொள்கிறார். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பேச மாட்டேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் சொல்லி முடிக்கும்வரை இருந்து, ஆமென் மட்டும் சொல்கிறேன்.