“அறம் எது?” என்ற கேள்விக்குக் கீழே

பழுப்பேறிய அந்தக் கையெழுத்துத் தாள் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு வரி: “அப்படியானால், அறம் எது?” அதற்குக் கீழே அரைப்பக்கம் வெறுமை.

அறுபதுகளில் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது, திருச்சியில் என்னோடு பணியாற்றிய மெய்யியல் பேராசிரியர் கிரேக்கச் சிந்தனையாளர்களைப் பற்றி அறிமுக நூல் ஒன்று எழுதினார். இருபதாண்டு வகுப்பறை உழைப்பு. அவர் எழுதிய ஒரே நூல். நடையைச் செப்பனிடும் பொறுப்பு தமிழாசிரியனான எனக்கு. திருவரங்கத்திலிருந்து பேருந்தில் வரும்போதே தாள்களை மடியில் விரித்துத் திருத்துவேன். “எல்லாமே தண்ணியிலேருந்து வந்ததுன்னு தேலீஸ் சொன்னான் புலவரே. ஆடி மாசம் உங்க ஊர்க் காவேரியைப் பாத்திருந்தா இன்னும் சத்தமாச் சொல்லியிருப்பான்” என்று பேராசிரியர் சிரிப்பார்.

சாக்ரடீஸ் இயல் என் கைக்கு வந்தபோது அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அச்சகத்தார் அவசரப்படுத்தினர். கேள்விக்குக் கீழிருந்த வெறுமையை அவர் எழுதி முடிக்காத இடமென்று கொண்டேன். பாடநூலில் விடையில்லாத வினாவா? மூன்று நாள் முயன்று, ஒரு சொல் மிகாமலும் குறையாமலும் அறத்துக்கு இலக்கணம் வகுத்துத் தனித்தாளில் எழுதி, அந்த இடத்துக்கென்று அச்சுக்கு அனுப்பினேன். அவர் எழ முடியாததால் அச்சுப்படியையும் நானே பார்த்தேன். உள்ளூரப் பெருமிதம்.

நூல் வந்த பருவத்தில் ஒருநாள் பேராசிரியர் தமிழ்த்துறை அறைக்கு வந்து என் எதிரே அமர்ந்தார்.

“அறம் எதுன்னு நினைக்கிறீங்கன்னு வகுப்புல கேட்டேங்க. நாப்பது பேரும் உங்க பாராவை ஒப்பிச்சாங்க, மூச்சு விடாம. இருபது வருஷமா எனக்கே தெரியாம இருந்துச்சு, நீங்க அரைப்பக்கத்துல முடிச்சிட்டீங்க.”

“எழுதாம விட்டுப்போச்சுன்னு நெனச்சேன் சார்.”

“அது பசங்க எழுதுறதுக்குன்னு வச்ச இடம் புலவரே.”

மறுபதிப்பில் நீக்கிவிடுமாறு பதிப்பாளரிடம் இருவருமே கேட்டோம். “காலியா விட்டா அச்சுக் கோளாறுன்னு கட்டுக் கட்டாத் திருப்பி அனுப்புவாங்க சார்” என்று மறுத்துவிட்டார். என் பத்தி பதிப்புதோறும் நிலைத்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றார், பின்னர் மறைந்தார். கடைசிவரை என்மேல் அவர் சினந்ததில்லை. சினந்திருந்தால் என் உறுத்தல் சற்றுக் குறைந்திருக்கும்.

சென்ற வாரம் காவிரிக்கரையில், அம்மா மண்டபப் படித்துறையில், பணி ஓய்வு பெற்ற பழைய மாணவர் ஒருவர் வணங்கினார். பேச்சினிடையே கண்களை மூடி அந்தப் பத்தியை முழுவதும் சொன்னார். “எங்க பேராசிரியர் எழுதினது சார். இன்னும் மறக்கல.”

நான் எழுதியது என்று சொல்லவில்லை. “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். “அதான் சொன்னேனே சார்.”

வீடு திரும்பித் தாளை எடுத்து விரித்தேன். அந்தக் கேள்வி என்னிடமும் கேட்கப்பட்டதே என்று அன்றுதான் உறைத்தது. பேனாவைத் திறந்து நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அரைப்பக்கம் அப்படியேதான் இருக்கிறது.