உயரமான ஹேண்டில்பார்

என் பழைய மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தே ஓட்டியதில் வலது தோள் கெட்டுவிட்டது. தோள் வலி போகாவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். குன்னூர் கடையில் ஐந்து ஹேண்டில்பார்களைப் பிடித்துப் பார்த்து, மிக உயரமானதை மாட்டச் சொன்னேன்.

வெலிங்டனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது தோள் வலிக்கவில்லை. ஆனால், வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து "ஹாரன் அடிங்க" என்று சொல்லும் மனைவி, மூன்று வளைவுகள் தாண்டியும் வாயே திறக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"நீங்கதான் நிமிந்து உக்காந்துட்டீங்களே. உங்க முதுகுதான் தெரியுது, ரோடு எங்கீங்க தெரியுது?" என்றாள்.

கடைக்கே திரும்பிப் போய், நடுத்தர உயரத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டேன். முதல் வளைவிலேயே "ஹாரன்!" என்று கத்தினாள். தோள் லேசாக வலித்தது. அவளிடம் சொல்லவில்லை.