கித்தாருக்கு எர்த் பார்ப்பவர்

பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையின் ஓரத்தில் பிளக் பாயின்ட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறார் அமலி. கையில் இரண்டு ஒயர் தொங்கும் ஒரு குண்டு பல்பு. ஒரு ஒயரைக் கீழ் ஓட்டையிலும் இன்னொன்றை மேலே இருக்கும் எர்த் ஓட்டையிலும் நுழைக்கிறார். பல்பு மங்கலாக எரிகிறது. எழுந்திருக்காமலே சொல்கிறார்: "எர்த் சரியில்லீங்க. இப்பத்திக்கு ஆரும் கித்தாரத் தொடாதீங்க."

அவரை யாரும் அழைக்கவில்லை. ஏற்காட்டிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் எங்காவது எலெக்ட்ரிக் கித்தார் வாசிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பஸ் பிடித்து வந்துவிடுவார். கோவில் திருவிழா, லாட்ஜ் கல்யாணம், எதுவானாலும். "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு" என்று பின்னால் சிரிப்பார்கள். அது அவருக்குக் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மிக்ஸி, ஃபேன், எஸ்டேட்டிலிருந்து வரும் பம்பு மோட்டார்கள் என்று வாசல்வரை கிடக்கும். வார்னிஷ் நெடி தொண்டையைப் பிடிக்கும். சுவரில் மாதா படத்துக்குக் கீழே பழைய கித்தார்களின் படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு அவற்றை உறவுக்காரர்களைப்போல அறிமுகப்படுத்துவார்.

"மொதமொதல்ல வந்தது இதுதானுங்க. பாருங்க, வாணச்சட்டியாட்டம் இருக்குது. அந்தக் காலத்துல டிரம்பெட்டுச் சத்தத்துல கித்தாரு காதுலயே உழாதுங்க. மூலைல உக்காந்து வாசிச்சுட்டே இருப்பாங்களாம், ஒருத்தருக்கும் கேக்காதாம். அந்த ரோசத்துல கண்டுபுடிச்சதுங்க இது."

அடுத்த படத்துக்கு விரல் நகரும். "இவரு வெறும் மரக்கட்டைல கம்பியக் கட்டி வாசிச்சாருங்க. சனம் மதிக்கல. அப்புறம் ரெண்டு பக்கமும் கித்தார் ஒடம்ப அறுத்து ஒட்டுனாரு. கைதட்டுனாங்களாம். சத்தம் என்னமோ அதே சத்தந்தான்."

எல்லாரையும்விட அவருக்குப் பிடித்தது ஒரு பெண்மணி. படமாக இல்லை, செல்போனில் இருக்கிறார். கறுப்பு வெள்ளை வீடியோ. கோட்டுப் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில், ஆண்டவரைப் பாடியபடி கித்தாரில் வெளுத்து வாங்குகிறார். "பொம்பள எப்படி நிக்கிறாங்க பாருங்க!" என்று அமலியின் முகம் மலரும். கொஞ்ச நேரந்தான். "தரை ஈரமா இருக்குதுங்க" என்று சொல்லி வீடியோவை நிறுத்திவிடுவார். அடிக்கடி கடைக்குப் போய் உட்காரும் நான், அவர் அதை முழுதாகப் பார்த்துக் கண்டதில்லை.

இந்தக் கதைகளையெல்லாம் அவருக்குச் சொன்னவர் கணவர் கிறிஸ்டோ. லாட்ஜ் விழாக்களில் கித்தார் வாசித்தவர். கித்தார்க் கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி ஒரு காப்பர் சுருள் இருக்கும். கம்பியின் அதிர்வைச் சத்தமாக்குவது அதுதான். எங்கோ பழையதாக வாங்கிய சிவப்புக் கித்தாரில் அந்தச் சுருள் செத்துக் கிடந்தது. கிறிஸ்டோவுக்கு அதைப் புதிதாகச் சுற்றப் பொறுமை இல்லை. அமலி சுற்றினார். "முடிய விட மெல்லிசுங்க. மூச்சு பலமா உட்டா அந்துபோயிரும். அவருக்குக் காது, எனக்குக் கை. அப்படித்தான் அதுக்குக் கொரல் வந்துது."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்பு. மழை விட்டு, லாட்ஜின் புல்தரை சொதசொதவென்று இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஓர் இரைச்சல். எவ்வளவோ பார்த்தும் போகவில்லை. ஒழுகும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் பின்னை, கிறிஸ்டோ கட்டிங் பிளேயரால் பிளக்கிலிருந்து உடைத்துப் போட்டார். "சத்தம் சுத்தமா நின்னுபோச்சுங்க. என்னையப் பாத்துச் சிரிச்சாரு. வணக்கஞ் சொல்றதுக்கு மைக்குகிட்ட வாயக் கொண்டுபோனாரு." வார்னிஷ் டப்பாவை மூடி வைத்தார். "துள்ளுனாருங்க. வித்தை காட்டுறாருன்னு சனம் கைதட்டுச்சு. நானுந் தட்டுனேன்."

கிறிஸ்டோவை அடக்கம் செய்த பிறகு, கித்தாரை ஏரியில் போடச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். அமலி கேட்கவில்லை. கம்பிகளைத் தளர்த்தி, போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். மகள் அபிஷா சேலத்தில் நர்ஸ். அது இருக்கும்வரை அந்த வீட்டில் படுக்க மாட்டாள். வந்தால் கடைசி பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிவிடுவாள். "ஊட்ல சோறு மட்டும் திம்பா. புள்ள சொல்றதும் நாயந்தானுங்க. ஆனா அது கொல்லலீங்களே."

ஏற்காட்டுக்குப் பக்கத்து ஊரான வாழவந்தியில் இந்த வருடக் கோவில் திருவிழாவுக்கு முன்னால், ஜீப் ஓட்டும் மாதேஷ் கடைக்கு வந்தார். கிறிஸ்டோவோடு சேர்ந்து வாசித்தவர். அவருடைய கித்தார் கழுத்தில் முறிந்துவிட்டது. "அக்கா, அண்ணனோடத ஒரே ஒரு நாளைக்குக் குடுங்கக்கா" என்றார். அமலி சுருளைச் சுற்றிக்கொண்டே இருந்தார். மாதேஷ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

திருவிழாவன்று மத்தியானப் பஸ்ஸில் போர்வைச் சுருளோடு அமலி இறங்கினார். நானும் உடன் போயிருந்தேன். மேடைக்கு இழுத்திருந்த ஒயரில் எர்த்தே இல்லை. கோவிலுக்குப் பின்னால் குழி தோண்டச் சொல்லி, இரும்புக் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். விழாப் பொறுப்பாளர் ஞானசுந்தரம் தவித்தார்.

"நேரமாச்சுங்கம்மா. சனமெல்லாம் உக்காந்திருக்குது."

"உக்காரட்டுமுங்க. எந்திரிச்சுப் போறவங்க போவட்டும்."

மூடுபனி இறங்கி முன்வரிசை நாற்காலிகளை மறைத்துக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. கித்தாரை இணைத்து, கம்பியில் டெஸ்டரை வைத்து, கையால் மறைத்துப் பார்த்தார். டெஸ்டரில் வெளிச்சம் இல்லை.

"செரியாப் போச்சுங்களாக்கா?" என்று மாதேஷ் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அமலி கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றினார். விரித்திருந்த ரப்பர் பாயிலிருந்து இறங்கி, ஈரத் தரையில் நின்றார். "அக்கா, வேண்டாங்க்கா" என்றார் மாதேஷ். அமலி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் கித்தாரின் கம்பிகளை மொத்தமாகப் பற்றினார். இன்னொரு கையால் மைக்கின் இரும்பைப் பிடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். மைக்கை விட்டார். கித்தாரைத்தான் விடவில்லை. நீட்டிய கைகளோடு மாதேஷ் காத்துக்கொண்டு நின்றார்.