கணக்கில் வராத நாலு மீட்டர்

எழுபதுகளின் நடுவில் என் கணவர் சவுதியின் தென்மேற்கு மலைகளில் சாலை போடும் ஒரு கம்பெனியில் சர்வேயராக இருந்தார். பாலைவனம்தானே என்று திருச்சியிலிருந்து நூல் புடவைகளாக எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மூடுபனியும் குளிரும். முதல் மாதம் முழுக்க அவருடைய ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்த மலைக் கிராமத்தில் துருக்கியர் ஆட்சிக் காலத்து மாளிகை ஒன்று இருந்தது. ஒரு முற்றத்தைச் சுற்றி நான்கு கல் வீடுகள், மூலையில் காவல் கோபுரம். மழை சுவரை அரிக்காதபடி வரிசை வரிசையாகப் பலகைக்கற்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். துருக்கி அதிகாரி ஒருவருக்காகக் கட்டியது என்றார்கள். அப்போது அதில் ஒரு பெரிய அரபுக் குடும்பம் வாழ்ந்துகொண்டிருந்தது. புதிய சாலை அதன் பின்கட்டு வழியாகப் போவதாகத் திட்டம். இடிப்பதற்கு முன் முழுவதையும் அளந்து வரைபடம் கொடுக்க வேண்டும். ஆனால் பின்கட்டு பெண்கள் புழங்கும் இடம். ஆண்கள் நுழைய முடியாது.

"மூணு நாளா வாசல்லயே நிக்கிறேன். சைட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க," என்றார் கணவர்.

"டேப்பைக் குடுங்க. நான் போறேன்."

கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அளக்கத் தெரியாதா என்ன? கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்த காயல்பட்டினத்துக்காரர் ஒரே ஒரு அரபு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். "'எய்ஷ் ஹாதா'ன்னு கேளுங்கம்மா, 'இது என்ன'ன்னு அர்த்தம். மத்ததைக் கையைக் காட்டிச் சமாளிச்சுக்கலாம்."

வீட்டின் மூத்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் மஞ்சள் துணி. உட்சுவர்களில் இருந்த சிவப்பு, பச்சைக் கோலங்களெல்லாம் அவர் கையால் தீட்டியவை. டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார். இரண்டு நாளில் முடித்தோம்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். பின்கட்டின் வெளி நீளம் இருபத்திரண்டு மீட்டர். உள்ளே அறைகளையும் சுவர்களையும் சேர்த்தால் பதினெட்டுதான்.

"நீ எங்கியோ தப்பா அளந்திருக்கே."

"ரெண்டு தடவை கூட்டிட்டேன். நாலு மீட்டர் காணோம். நீங்க வெளியே மறுபடி அளங்க."

மறுநாள் அளந்தார். அதே இருபத்திரண்டு.

நான் உள்ளே போய்க் கடைசி அறையின் சுவரைத் தட்டி, "எய்ஷ் ஹாதா?" என்றேன். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டார். இருவரும் தானியப் பெட்டியை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு குட்டைக் கதவு. குனிந்து நுழைந்து, அரிக்கேன் வெளிச்சத்தில் படி இறங்கினேன். பாறையைக் குடைந்து சுண்ணாம்பு பூசிய பெரிய நீர்த்தொட்டி. கூரையில் விழும் மழையெல்லாம் அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அது அவர்கள் வெளியாருக்குக் காட்டாத இடம் என்று புரிந்தது. 'வரையட்டுமா?' என்று பென்சிலைக் காட்டிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தார்.

என் படத்தைப் பார்த்த கம்பெனியின் ஆங்கிலேய இன்ஜினியர், இதன் மேல் ரோலர் ஏறினால் எல்லாம் உள்ளே போய்விடும் என்றாராம். அளந்தது யார் என்று தெரிந்ததும் நம்பாமல் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஆழம் எப்படி எடுத்தாய், பாறை எவ்வளவு தடிமன், தொட்டி எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்டார். டேப் நுனியில் கல் கட்டி இறக்கியது முதல் ஒவ்வொன்றுக்கும் தாளில் வரைந்து பதில் சொன்னேன். அந்த வாரமே சாலைத் திட்டத்தை மலைச்சரிவில் முப்பது மீட்டர் கீழே தள்ளினார்கள். மாளிகையில் ஒரு கல்கூட எடுக்கவில்லை. வரைபடத்தில் 'அளந்தவர்' என்ற கட்டத்தில் என் கணவர் மையால் என் பெயரை எழுதினார். அதைப் பார்த்தபோது வந்த நிமிர்வு இன்றும் எனக்குக் குறையவில்லை.

பழைய பாதையைக் குறித்து நட்டிருந்த சர்வே குச்சிகளைப் பிடுங்கிய காலையில் அந்தப் பெண்மணி என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். கூடியிருந்த பெண்களிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு "முஹந்திஸா" என்றார். பெண் இன்ஜினியர் என்று பொருளாம், பிறகு மளிகைக்காரர் சொன்னார். தெரிந்த பிறகும் அவர்களிடம் போய் இல்லை என்று மறுக்க எனக்கு மனம் வரவில்லை.