தச்சர் கழற்றிக்கொண்டுபோன கதவு

மேட்டுத் தெருவில் அவரை எல்லோரும் உளியண்ணன் என்றே கூப்பிடுவார்கள். ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாத தச்சர். கேட்டால், "எதிர்த்துப் பேசாத மரத்தோடயே பழகிட்டேன்" என்பார். கூடப்பிறந்தவள் ஒரே தங்கை. அவள் வீடு தெருக்கோடியில், மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் இருந்தது. அவள் புருஷன் மரம் வெட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவைச் சில வருடங்களுக்கு முன் மொட்டையடித்த ஆட்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கோடையில் தங்கை வீட்டு வாசல்கதவு சாத்த வரவில்லை. உளியண்ணன் வந்து மேல்விளிம்பை இழைத்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மறுபடி இடித்தது. மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகுவது சகஜம். மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஏன் இறுக வேண்டும்? பக்கத்து வீட்டுத் தையல்காரர் கதவிலும் அதே பாட்டு. உளியண்ணன் கதவு நிலையை ஒட்டி, நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். கதவில் கோளாறில்லை. நிலையே பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது.

மறுநாள் சரிவில் ஏறினார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றைக் காலால் தள்ளினார், ஆடியது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வேர் விரலில் ஈரத் தூளாக நசுங்கியது. இன்னும் மேலே, தரையில் குறுக்காக ஒரு வெடிப்பு. கையை உள்ளே விட்டார். அடி தட்டவில்லை.

"மரத்தைத்தானே மச்சான் வெட்டினோம், வேரை விட்டுட்டோமே" என்றார் தங்கை புருஷன்.

"செத்த வேர் எத்தனை நாள் மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும் மாப்ளே? மக்கிப்போச்சு. நல்ல மழை வந்தா மொத்தமா இறங்கிடும்."

"வெட்டினப்புறம் எத்தனை மழை பார்த்தாச்சு? ஒரு கல்லு உருண்டிருக்கா?"

"அப்ப வேர்ல இன்னும் தெம்பு இருந்துச்சு."

தெருவில் சொன்னதற்குச் சிரித்தார்கள். "உங்க பயத்துக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைக்கட்டுமா?" என்றார் தையல்காரர்.

வானம் கறுக்கத் தொடங்கியதும் உளியண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை வீட்டுக் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டார். "முழுக்க வளைஞ்சிருக்கு. பட்டறையிலதான் சரி பண்ணணும்."

"கதவில்லாத வீட்ல எப்படிண்ணே இருக்கிறது?"

"பட்டறைக்குப் பின்னாடி ரூம் காலிதானே? வந்து இருங்க."

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கதவைக் கேட்டபோதெல்லாம் உளியண்ணன் "பசை காயட்டும்" என்று இழுத்தடித்தார். தங்கை ஒருநாள் தாழ்ந்த குரலில், "அண்ணே, அதை நீ தொடவே இல்லையே?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் புருஷனிடம் மூச்சு விடவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. உளியண்ணன் குடையோடு தினமும் போய், வீட்டை விட்டு வந்துவிடும்படி தையல்காரரைக் கெஞ்சினார். "என் கதவையும் தூக்கிட்டுப் போயிடாதீங்க சாமி!" என்றுதான் பதில் வந்தது. ஒரு மத்தியானம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கையிலேயே, பின்பக்கம் ஓடிய மழைத் தண்ணீர் சட்டென்று நின்றது. பிறகு குழம்பிய சேறாக வந்தது. மேலே மண் நகரத் தொடங்கிவிட்டதென்று புரிந்த உளியண்ணன் தையல்காரரின் கையைப் பிடித்து இழுத்தார். "மெஷினு, மெஷினு!" என்று அவர் திமிறினார். தெருவின் பாதிக்கு வருவதற்குள் நிலம் உறுமியது. உருண்டு வந்த கல் ஒன்று தையல்காரரின் காலை முறித்தது. திரும்பிப் பார்த்தால் கடைசி இரண்டு வீடுகளும் இல்லை.

மாப்பிள்ளை ஓடி வந்து தையல்காரரைத் தூக்கிக்கொண்டார். மச்சானின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மழை விட்ட சில வாரங்களில் மாப்பிள்ளைக்கு மறுபடி மரம் வெட்டும் வேலை வந்தது, அடுத்த மலையில்.

"வேற தொழில் தெரியாதே மச்சான். வீடுகளுக்கு மேல இருக்கிற மரத்தை மட்டும் விட்டுடலாம்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"பார்க்கலாம்னார்."

"அங்க சரிவுக்குக் கீழே யார் குடியிருக்காங்க?"

"தெரியலையே."

உளியண்ணன் இழைப்பதை நிறுத்தினார். "நாளைக்கு நானும் கூட வர்றேன்" என்றார்.